கருப்பட்டி ஆராய்ச்சி

கொஞ்சம் அந்தப் பக்கமா நவுந்து உக்காருங்கம்மா. இவிய எங்க வீட்டுக்காரரு, எடது கையில இடிச்சிராதிய. அந்தக் கையிலதான் ஊசி குத்துதது. பாக்கதுக்கு ஒண்ணும் தெரியாது, தொட்டுப் பாத்தா உள்ள மோட்டார் ஓடுத மாதிரி உறுமும். டயாலிசிஸ். இப்பதான் முடிச்சுக் கூட்டிட்டு வாரேன். முடிச்ச அன்னைக்கு இப்பிடித்தான், பஸ் சீட்ல உக்காந்ததும் தல தொங்கிரும். நாம பேசுனா முழிக்க மாட்டாவ. நீங்க பேசுங்க.

வாரத்துக்கு ரெண்டு தடவ இந்த ஓட்டம். மூணு தடவ வரணும்னு டாக்டர் சொல்லுதாரு. சொல்லுவாரு, அவருக்கென்ன. விடியுமுன்ன கெளம்பி ரெண்டு பஸ் மாறி டவுனுக்கு வந்தா, கோழி அடையுத நேரத்துக்குத்தான் வீடு போய்ச் சேருதோம். அந்த ரெண்டு தடவைக்கே அவிய ஒடம்பு தாங்கல. இப்பிடியே பஸ்ல போட்டுக் குலுக்குனா மனுசன் ரொம்ப நாளு இருக்க மாட்டாருன்னு நர்சம்மா ஏசுதா. நான் என்ன ஆசப்பட்டா குலுக்குதேன்? அந்த மிஷின் எங்க தாலுக்கா ஆஸ்பத்திரிக்கு வந்திருக்க வேண்டியது. எங்க வீட்டுலேர்ந்து நடந்தே போயிரலாம். வர விடாம ஆக்கிட்டா ஒரு மகராசி. படிச்ச மகராசி.

எங்க ஊரு ஆத்தியடிக்குடியிருப்பு. நீங்க கேள்விப்பட்டிருக்க மாட்டிய. சுத்தி உப்பளம். ஆம்பள பொம்பள எல்லாருக்கும் அளத்துலதான் வேல. காலையில எறங்குனா உச்சி வரைக்கும் உப்பு வாரணும், செமக்கணும். மேல வெயிலு, கீழ உப்புத்தண்ணி. குடிக்கத் தண்ணி கொண்டு போவோம், ஆனா குடிக்க மாட்டோம். குடிச்சா ஒதுங்கணும்லா? கண்ணுக்கெட்டுன தூரம் வெள்ளவெளேர்னு பாத்தி, எங்க போயி ஒதுங்க? அதுலயே எங்க ஊருல பாதி வீட்டுல கிட்னி போயிட்டு. மொதல்ல காலு வீங்கும், அப்புறம் மூஞ்சி ஊதும், அப்புறம் சோறு எறங்காது. எங்க பெரிய கொழுந்தன் அதுலதான் போனாரு. ஊருக்குள்ள சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். ஊருக்கு வெளிய ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது.

ஏன் தெரியாதுன்னா கேக்கிய? நல்லாக் கேட்டிய. ஒங்களுக்குக் கல்யாணம் ஆயிட்டா? அப்பத் தெரிஞ்சிருக்கணுமே. பொம்பளப் பிள்ள இருக்க வீட்டுல சீக்கு இருக்குன்னு தண்டோரா போடுவாவளா? கிட்னிக்காரக் குடும்பம்னு பேரு விழுந்துட்டா அந்த வாசல்ல எந்த மாப்பிள வீட்டுக்காரனும் செருப்பக் கழட்ட மாட்டான். ரத்தத்துல இருக்கும்பான். நாளைக்கு அப்பனுக்குக் கிட்னி வேணும்னு நம்ம மருமவள அறுக்கக் கூப்பிடுவாவன்னும்பான். அதனால நாங்க கிட்னின்னே சொல்ல மாட்டோம். வாய்வுன்னுதான் சொல்லுவோம். எங்க கொழுந்தன் செத்ததும் வாய்வுலதான்.

இந்த லெச்சணத்துல, மூணு வருசத்துக்கு முன்ன, பங்குனியில, உப்பு நல்லா வெளையுத நேரம், மெட்ராஸ்லேர்ந்து ஒருத்தி வந்து எறங்குதா. ஏதோ ஆராய்ச்சி நிலையமாம். நந்திதா மேடமாம். தலையில தொப்பி, மூஞ்சியில சுண்ணாம்பு அடிச்ச கணக்கா களிம்பு, கூட ரெண்டு பயலுவ. கடக்கரையில இருக்க ஆஸ்பத்திரியளுக்குக் கவர்மெண்டு டயாலிசிஸ் மிஷின் குடுக்கப் போவுது, எந்த ஊருக்குத் தேவைன்னு நாங்க கணக்கெடுத்துச் சொன்னாத்தான் குடுப்பாவன்னு வந்த அன்னைக்கே சொன்னா. சொன்னா, நான் இல்லன்னு சொல்லல. எத்தன பேரு வந்து எத்தன சொல்லிட்டுப் போயிருக்கான் எங்க ஊருல. கக்கூஸ் கட்டித் தாரோம்னு ஒருத்தன் வந்து எங்களையெல்லாம் வரிசையா நிக்க வச்சு போட்டோ எடுத்துட்டுப் போனான். இன்னைக்கு வரைக்கும் கக்கூஸும் வரல, போட்டோவும் வரல.

அவ கேட்ட அழகக் கேளுங்க. ஆராய்ச்சி பண்ண வந்தவ வீட்டுக்குள்ள வந்து, கதவச் சாத்தி, பொம்பளைக்குப் பொம்பள காதோட காதாக் கேட்டாளா? இல்ல. அம்மன் கோயில் கொட்டகையில பாய விரிச்சு, மொத்த ஊரையும் கூட்டி வச்சு, ஒவ்வொருத்தரா முன்னால கூப்பிட்டுக் கேக்கா. மீச மொளைக்காத பய ஒருத்தன், மாமன் மச்சினன்லாம் உக்காந்திருக்க எடத்துல, என்கிட்டக் கேக்கான், ஒண்ணுக்கு எப்பிடிப் போவுது, நொரையாப் போவுதான்னு. எங்களுக்குக் கூச்ச நாச்சம் இல்லன்னு நெனச்சிட்டான் போல. இதுல கொட்டக வாசப்படியில கல்யாணத் தரகரு வேற உக்காந்து காப்பி குடிச்சுக்கிட்டிருக்காரு. அவரு யாருன்னு இவளுக்குத் தெரியுமா? தெரியாது. ஊருக்கே தெரிஞ்சது இவளுக்குத் தெரியாது.

இன்னொண்ணு கேளுங்க. யாரு காலு வீங்குது, ஒடம்பு சரியில்லன்னு வாயால சொல்லுதாவளோ அவியளுக்கு மட்டுந்தான் ரத்தம் எடுப்பாவளாம். நல்லாருக்குன்னு சொல்லிட்டா விட்டுருவாவ. இதுக்கு மெட்ராஸ்லேர்ந்து பெட்டி பெட்டியா ஊசியக் கொண்டு வந்திருக்கா. கள்ளன்கிட்டயே போயி நீ கள்ளனான்னு கேட்டு, இல்லன்னா விட்டுருத போலீசு எங்கயாவது உண்டா? அந்தப் பெட்டியத் தொறக்கவே இல்ல. கட்டுன கயித்தோட திருப்பி வண்டியில ஏத்துனானுவ. நான் என் கண்ணால பாத்தேன்.

அப்ப எங்க மவ வேல்க்கனிக்குப் பூ வைக்கணும்னு பேச்சு நடக்குது. உடன்குடிப் பக்கம் மாப்பிள, சொந்தமாக் கட, நல்ல குடும்பம். கைக்கு எட்டுன சம்பந்தம். இவியளுக்கு அப்பத்தான் காலு தூண் மாதிரி வீங்கி, செருப்பு போட முடியாம நடக்காவ. நான் என்ன செஞ்சேன், மேடம் வாரதுக்கு முந்துன நாளே இவியள இவிய அக்கா வீட்டுக்கு அனுப்பிட்டேன். அப்புறம் வீடு வீடாப் போயிச் சொல்லிட்டு வந்தேன். எங்க தெருவுல மட்டும் கட்டிக் குடுக்க வேண்டிய பிள்ளைய எத்தன இருக்கு. நாளைக்கு எவளாவது வாயத் தொறந்தா அம்புட்டுப் பிள்ளையளும் வீட்டோட கெடக்க வேண்டியதுதான்னேன். எல்லாரும் சரின்னாவ. எங்க ஊருல என் பேச்சுக்கு மரியாத உண்டு, அது ஒண்ணு சொல்லணும்.

கோமு ஒருத்திதான் முரண்டு. பக்கத்து வீட்டுக்காரி. அவளுக்குப் பொம்பளப் பிள்ள கெடையாது, ரெண்டும் பயலுவ, அந்தத் துணிச்சல். அவ புருசனுக்கு அப்பவே மூச்சு வாங்கும், கட்டில விட்டு எந்திரிக்க மாட்டாரு. கொட்டகையில அவ முறை வந்ததும், எங்க வீட்டுல அவருக்குன்னு ஆரம்பிக்கா. நான் பக்கத்துல உக்காந்திருக்கேன். தொடையில ஒரு கிள்ளு கிள்ளி, அவருக்கு வாய்வு மேடம், கெழங்கு கூடத் தின்னுட்டாருன்னு சொல்லிட்டேன். கொட்டகையே சிரிச்சிட்டு. மேடமும் சிரிச்சா. அந்தப் பய சிரிச்சுக்கிட்டே கையில இருந்த போன்ல என்னத்தையோ தட்டுனான். அடுத்த ஆளக் கூப்பிட்டுட்டான்.

அந்த ஐப்பசியில அவ புருசன் போயிட்டாரு. கோமு இன்னைக்கு வரைக்கும் என்கிட்ட மொகங்குடுத்துப் பேச மாட்டா. நானும் கேக்கேன், என்மேல எதுக்குக் கோவம்? அந்த மேடம்மேலல்லா வரணும்? அவ எதுத்தாப்புல உக்காந்து பாக்காளே, கோமு கண்ணுல தண்ணி நிக்கி. அது கிள்ளுனதுல வந்த தண்ணியா, சிரிச்சதுல வந்த தண்ணியா, வேற எதுலயும் வந்த தண்ணியான்னு ஒருத்திக்குத் தெரிய வேண்டாம்? அதத் தெரிஞ்சுக்க முடியாதவளுக்கு என்னத்துக்கு ஆராய்ச்சி?

அன்னைக்கு அதோட போயிருந்தாலாவது தேவல. எல்லாம் கேட்டு முடிச்சு, மேடத்துக்கு ஒரே ஆச்சரியம். இவ்வளவு வெயில்ல நிக்கிறீங்க, தண்ணியும் குடிக்கிறதில்லைங்கிறீங்க, மத்த தாலுக்கா ஊர்லயெல்லாம் ஒரே கிட்னி நோயா இருக்கு, இங்க மட்டும் எப்படி எல்லாரும் இவ்வளவு ஆரோக்கியமா இருக்கீங்கன்னு கேக்கா. ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்காவ. இப்பிடியே விட்டா மாட்டிக்கிடுவோம்னு நான்தான், நாங்க கருப்பட்டிக் காப்பி குடிக்கோம் மேடம்னு சொல்லி வச்சேன். கொட்டகையில அப்ப அதான் கொதிச்சுக்கிட்டு இருந்துது. வேற ஒண்ணும் வாயில வரல. சுக்கு கொதிச்சிருந்தா சுக்குன்னிருப்பேன்.

அவ கண்ணு விரிஞ்சதப் பாக்கணுமே. ஒரு நாளைக்கு எத்தன தடவ, எத்தன வயசுலேர்ந்து, வெறும் வயித்துலயா சாப்பிட்ட பெறகான்னு கேள்வி மேல கேள்வி. நானும் சளைக்கல. பிள்ள பெத்த அன்னைக்கே நாக்குல தடவுவோம்னேன். பெண்டுகள்லாம் ஆமா ஆமான்னுதாளுவ. கேப்பையில நெய் வடியுதுன்னு நான் சொன்னேன், சரி. கேட்டவளுக்குப் புத்தி எங்க போச்சு? கருப்பட்டி திங்கதுல கிட்னி நல்லாருக்கும்னா, கருப்பட்டிக்குப் பேரு போன உடன்குடியில ஒருத்தனும் சாவக் கூடாதே? ஒரு ஆஸ்பத்திரிக்குப் போயி, இந்த ஊர்க்காரங்க இங்க வாராவளான்னு ஒரு வார்த்த கேட்டிருந்தாப் போதும். எங்க கேட்டா. அவளுக்கு அது தெரிய வேண்டாம், அதிசயம்தான் வேணும்.

போயிட்டா. எல்லாருக்கும் ஒரு பிளாஸ்டிக் வாளி குடுத்துட்டுப் போனா. ஒரு வருசம் கழிச்சுப் பேப்பர்ல வருது. உப்பளத்துப் பொம்பளையளோட பாரம்பரிய அறிவாம். கிட்னியக் காப்பாத்துத கருப்பட்டியாம். அப்புறம் என்ன, கவர்மெண்டு திட்டம் போட்டுட்டு. உப்பளத் தொழிலாளி வீட்டுக்கெல்லாம் மாசாமாசம் கருப்பட்டி. ஆராய்ச்சியில நிரூபணம் ஆயிட்டுல்லா? எங்க தாலுக்காவுல நோயே இல்லன்னு நிரூபணம் ஆயிட்டுல்லா? அதனால எங்களுக்கு வர வேண்டிய மிஷின மேக்க கரிசக்காட்டு ஊரு ஒண்ணுக்குக் குடுத்துட்டாவ. அங்க போவ எங்களுக்கு பஸ்ஸே கெடையாது. எழுதினவன் ஏட்டக் கெடுத்தான், படிச்சவன் பாட்டக் கெடுத்தான்னு சும்மாவா சொன்னாவ.

திட்டம் தொடங்குத விழாவுக்கு எனக்குக் கார் வந்துது. ஆமா, வீட்டு வாசலுக்கே. மேடையில உக்கார வச்சு மாலையும் போட்டாவ. பெரிய அதிகாரி மொதப் பொட்டலத்த என் கையிலதான் குடுத்தாரு. என்னையப் பேசச் சொன்னாவ. மேடையில ஏத்தி மைக்க நீட்டுனா மாட்டேன்னா சொல்ல முடியும்? அதுலயும் மொத வரிசையில மாப்பிள வீட்டுக்காரவ வந்து உக்காந்திருக்காவ. எங்க வீட்டுல சீக்குன்னு ஒருத்தரும் படுத்தது கெடையாது, எல்லாம் இந்தக் கருப்பட்டிதான்னு நல்லாப் பேசுனேன். கை தட்டல் அடங்க நேரமாச்சு. நந்திதா மேடம் ஓடி வந்து கட்டிப் புடிச்சுக்கிட்டா. நீங்கதான் என் கண்ணத் தொறந்தீங்கன்னா. எனக்குச் சிரிப்பு தாங்கல. ஒரு வருசத்துக்கு மேல இழுத்துக்கிட்டுக் கெடந்த சம்பந்தம், அந்த மாசமே வேல்க்கனிக்குப் பூ வச்சாவ.

அந்தக் கருப்பட்டியும் நல்ல கருப்பட்டியில்ல, பாதிக்கு மேல சீனிப்பாகு. வாயில வச்சாலே தெரியும், எறும்புகூட ஒதுங்கிப் போவும். நல்ல கருப்பட்டியா இருந்தாலும் இவிய திங்கக் கூடாதாம். டயாலிசிஸ்காரங்களுக்குக் கருப்பட்டி ஆகாதுன்னு டாக்டர் மொதல் நாளே சொல்லிட்டாரு. ரேசன் கடையில வாங்கி வாங்கி ஆட்டுக்குத்தான் வைக்கேன். கூத்து என்னன்னா, என் போட்டோவப் போட்டு பெருசா அச்சடிச்சு ஒட்டியிருக்காவ. நாங்க போற ஆஸ்பத்திரியில டயாலிசிஸ் வார்டுக்குப் போற வழியிலயே ஒண்ணு இருக்கு. நான் முந்தானையத் தலையோட போத்திக்கிட்டுத்தான் அதத் தாண்டுவேன். போட்டோ நல்லாத்தான் இருக்கு, குத்தம் சொல்ல முடியாது.

மேடம் ஒருவாட்டி திரும்பவும் வந்தா, கருப்பட்டி எப்பிடி வேல செய்யுதுன்னு பாக்க. இந்தத் தடவ தனியாத்தான் வந்தா. வீட்டுக்குள்ளயே வந்து உக்காந்து காப்பி குடிச்சா. இவிய தட்டிக்கு அந்தப் பக்கம் படுத்திருக்காவ. இருமல அடக்கப் பாத்து முடியாம ஒரு இருமு இருமிட்டாவ. யாரு அதுன்னு கேக்கா. ஆடுன்னேன். ஆடு இருமுமான்னு கேட்டா. எங்க ஊர் ஆடு இருமும்னேன். சரின்னுட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டா. எந்திரிச்சு நாலு எட்டு வச்சுத் தட்டிய வெலக்கிப் பாத்திருந்தா ஒரு மனுசன் கெடக்கது தெரிஞ்சிருக்கும். இவளையெல்லாம் சம்பளம் குடுத்து வச்சிருக்கான் பாருங்க, அவனச் சொல்லணும்.

என்ன கேக்கிய? கல்யாணம் முடிஞ்ச பெறவாவது உண்மையச் சொல்லியிருக்கலாம்லயா? அப்பிடிக் கேளுங்க. நீங்களும் அந்த மேடம் மாதிரிதான் பேசுதிய, தப்பா நெனச்சுக்கிடாதிய. கல்யாணம் முடிஞ்சா முடிஞ்சிருமா? தாலி கட்டுன அன்னைக்குத்தான எல்லாம் ஆரம்பிக்குது? எங்க சம்பந்தக்காரிக்கு வாயி இருக்கே, அது ஊருக்கு ஒரு தபாலாபீஸு. ஏமாத்திக் கட்டி வச்சிட்டாவன்னு ஒரு சொல்லு வந்தா எம்பிள்ள அந்த வீட்டுல எப்பிடிப் பொழைக்கும்? இவிய டவுன்ல குடோன் வாட்ச்மேன் வேலைக்குப் போறதாத்தான் அவியகிட்டச் சொல்லி வச்சிருக்கோம். கல்யாணத்துக்கு வந்தவங்க, அப்பா ஏன் மெலிஞ்சிருக்காருன்னு கேட்டதுக்கு ராத்திரி வேலன்னு சொன்னோம்.

இப்ப வேல்க்கனி மாசமா இருக்கா. ஆறு முடியுது. போன வாரம் அவ மாமியா போன் போட்டா, பிள்ளைக்கு ஒடம்பு ஊதுன மாதிரி இருக்கு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம், நீங்களும் வாங்கன்னு. போனேன். பாத்ததும் அவ மொகவாயப் பிடிச்சு வெளிச்சத்துக்குத் திருப்புனேன். மாசமா இருக்கவளுக்குக் காலு வீங்கும், அது எனக்குத் தெரியாதா, நானும் பெத்தவதான. இது அந்த வீக்கமில்ல. கண்ணுக்குக் கீழ, எமைக்குக் கீழ, காலையிலயே ஊதியிருக்கு. அந்த ஊத்தத்த நான் எங்க கொழுந்தன்ட்டப் பாத்திருக்கேன், இவியகிட்டப் பாத்திருக்கேன். அவளும் பள்ளிக்கூடம் விட்ட நாள்லேர்ந்து கல்யாணம் வரைக்கும் என்கூட அளத்துல தண்ணி குடிக்காமக் கெடந்தவதான.

அங்க ஒரு சின்னப்பிள்ள டாக்டரு. அவளும் பேனாவத் தொறந்து வச்சுக்கிட்டு மொதக் கேள்வி என்ன கேக்கா தெரியுமா? உங்க குடும்பத்துல யாருக்காவது கிட்னி நோய் உண்டாம்மான்னு கேக்கா. மாமியாக்காரி இந்தா, இடிச்சுக்கிட்டு நிக்கா. வேல்க்கனி என்னையப் பாக்கா. கேக்குத நேரத்தப் பாருங்க, கேக்குத எடத்தப் பாருங்க. இவளுவளுக்கெல்லாம் யாரு பாடம் சொல்லிக் குடுக்கான்னு தெரியல. கெடையாதுன்னேன். யாருக்கும் கெடையாது, எங்க குடும்பத்துல அப்பிடி ஒரு பேச்சே கெடையாதுன்னேன்.

சம்பந்தக்காரி ஒடனே, இவங்க படந்தானம்மா கருப்பட்டிக்கு ஒட்டியிருக்குன்னு டாக்டர்கிட்டப் பெருமையாச் சொல்லுதா. அந்தப் பிள்ளையும் ஓ அது நீங்களான்னு சிரிச்சுக்கிட்டா. அப்பன்னா பெருசா ஒண்ணும் இருக்காது, உப்பக் கொறைங்க, ஒரு மாசம் கழிச்சு வாங்கன்னு மாத்திரைய எழுதிக் குடுத்து அனுப்பிட்டா. ஒரு ரத்தம் எடுத்துப் பாத்திருக்கக் கூடாதா? நான் ஆயிரம் சொல்லுவேன். நான் பெத்தவ, சொல்லத்தான் செய்வேன். டாக்டருக்குப் படிச்சவ கண்ண எங்க வச்சிருந்தா? நெனச்சா வயிறு எரியுது எனக்கு. சோறு எறங்கல ஒரு வாரமா. இவியகிட்டயும் சொல்லல, சொன்னா அந்தா இந்தான்னு இருக்க உசுரு...

என்ன? முழிச்சிட்டியளா? எப்ப முழிச்சிய? தண்ணி வேணுமா, அரை மொடக்குதான் குடிக்கலாம். யாருக்குக் காலு வீங்குதுன்னா கேக்கிய? ஒண்ணுமில்ல, இந்தம்மா வீட்டுல யாருக்கோ. நான் எங்க வேல்க்கனியச் சொன்னேன்? அவ நல்லாத்தான் இருக்கா. சாஞ்சு படுங்க, ஊரு வர இன்னும் எவ்வளவோ நேரமிருக்கு. போனா? போன் எதுக்கு? மருமவன்கிட்டயா? என்னத்தப் பேசப் போறிய? பையில கை விடாதிய, அந்தக் கைய அசைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்குல்லா. அதுல சார்ஜ் இல்ல. ஆமா, காலையிலேர்ந்தே இல்ல. பேசாம உக்காருங்க, பஸ்ல எல்லாரும் பாக்காவ.

நீங்க ஒண்ணும் நெனச்சுக்கிடாதியம்மா. மிஷின்லேர்ந்து எறங்குன அன்னைக்கு இவிய இப்பிடித்தான் எதையாவது ஒளறுவாவ. இப்ப ஒங்ககிட்ட போனக் கேப்பாவ. குடுத்துராதிய. இல்லன்னு சொல்லிருங்க.